நெல்டா தட்டிய பாத்திரம்

அத்தியாயம் 14

கறுப்பு ரிப்பன் யாஸ்னாவின் தலையில் நிற்க மாட்டேன் என்றது. ஃப்ரெசியா மூன்று முறை கட்டினாள். மூன்று முறையும் வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இப்படி வழுவழுவென்று முடியைக் கொடுத்தவள், அடுத்த தெரு தேவாலயக் கூடத்தில் பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

"தலையை ஆட்டாதடி கண்ணு."

யாஸ்னா ஆட்டவே இல்லை. நான்கு நாளாக அந்தக் குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை. ரொட்டியைக் கொடுத்தால் தின்றது, படு என்றால் படுத்தது. பேச்சு மட்டும் எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு சாந்தியாகோ நகரமே பாத்திரம் தட்டியது. ராணுவ ஆட்சி வந்து பத்து வருஷம் ஆகிறது. வாயைத் திறந்தால் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று ஜனங்கள் பாத்திரத்தைப் பேசவிட்டார்கள். மாதத்தில் ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் நின்று, குண்டானிலும் வாணலியிலும் கரண்டியால் ஓங்கி ஓங்கி ஒரே தாளமாக அடிப்பார்கள். யார் வீட்டில் தட்டினார்கள் என்று எந்த ராணுவம் கண்டுபிடிக்கும்?

அன்று பக்கத்து வீட்டிலிருந்து தங்கை, யாஸ்னாவின் அம்மா நெல்டாவின் பாத்திரமும் கேட்டது. கிடுகிடுவென்று ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. தாளமே இல்லை. ஃப்ரெசியா சிரித்தாள். பாரேன், இன்னைக்கு இவளுக்குத் தாளமே வரலை என்று கணவனிடம் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா, தங்கைக்குத் தாளம் எடுத்துக் கொடுக்கிறேன் பேர்வழி என்று சுவரோரம் போய் நின்று இன்னும் பலமாகத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் சத்தம் நின்றது. கை வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நெல்டா தட்டியது ராணுவத்துக்காக இல்லை.

செவ்வாய்க்கிழமை தோறும் தேவாலயக் கூடத்தில் கூடும் பெண்கள் சங்கத்தில் போன கோடையில் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். எந்த வீட்டிலாவது ஆண் கையை ஓங்கினால், அந்த வீட்டுப் பெண் பாத்திரத்தைத் தட்ட வேண்டும். கேட்டவர்கள் பதிலுக்குத் தட்டக் கூடாது. போட்டது போட்டபடி ஓடிவந்து அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். ஒன்றும் பேச வேண்டாம், நின்றால் போதும். இரண்டு வீடுகளில் அப்படி நின்று இரண்டு ஆண்களின் கையை இறக்கியும் இருக்கிறார்கள். இந்த யோசனையைச் சொன்னவளே நெல்டாதான்.

ஊரே பாத்திரம் தட்டுகிற நாளில் என்ன செய்வது என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் முழுக்க நினைவில்லாமல் கிடந்து, சனிக்கிழமை விடியலில் நெல்டா போய்விட்டாள். தலையில் அடி என்று மட்டும் மருத்துவமனைக் காகிதத்தில் எழுதியிருந்தது. எப்படி அடி என்று யாரும் கேட்கவில்லை. அந்த மாதம் தலையில் அடிபட்டு வந்தவர்கள் நிறைய.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. நெல்டாவின் கணவன் ருபேன் வந்திருந்தான். கூடவே கட்சிக்காரர் ஒருவர். தலைமறைவில் இருப்பவர் என்பதால் அவருக்குப் பெயர் கிடையாது; எல்லோருக்கும் 'தோழர்'. குளிரோ வெயிலோ கழுத்திலிருந்து இறங்காத சாம்பல் நிற மஃப்ளரை வைத்து ஃப்ரெசியா மனசுக்குள் அவரை மஃப்ளர் என்றே கூப்பிட்டாள்.

யாஸ்னா சத்தமில்லாமல் எழுந்து உள்ளறைக்குப் போனாள். ருபேன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு நாற்காலியில் சரிந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். இரும்பு ஆலைச் சங்கத்தின் தலைவன் அவன். ராணுவம் இருபது நாள் அடைத்து வைத்து, முதுகெல்லாம் சிகரெட்டால் சுட்டு அனுப்பியும் ஒரு பெயரைக்கூடச் சொல்லாதவன். அந்த முதுகுக்கு இரண்டு மாதம் மருந்து போட்டவள் நெல்டா. ஃப்ரெசியா பக்கத்தில் நின்று பஞ்சு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதனால்தான் இப்போது அவனை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. வெறுக்க முடியாததும் ஒரு வேதனையாக இருந்தது.

மஃப்ளர் ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார். கல்லறையில் அக்கா என்ற முறையில் அவள் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். சிரமம் வேண்டாம் என்று எழுதியே கொண்டுவந்திருக்கிறார்.

ஃப்ரெசியா படித்தாள். 'தெருவில் போராடும்போது கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு வீழ்ந்த எங்கள் நெல்டா' என்று ஆரம்பித்தது.

"அவ அன்னைக்கு வாசப்படியே தாண்டலையே" என்றாள்.

"தெரியும், தோழர்."

"தெரிஞ்சேதான் எழுதினீங்களா?"

மஃப்ளர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் விளக்கினார். அடுத்த வாரம் ஆலையில் வேலைநிறுத்தம். நானூறு குடும்பம் ருபேனை நம்பி இறங்குகிறது. இது வெளியே தெரிந்தால் நாளைக் காலையே அரசாங்கத்துப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டுக் கொண்டாடும், சங்கம் உடையும், பிடிபட்டவர்களை மீட்க ஆளிருக்காது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

ருபேன் தலையை நிமிர்த்தாமலே பேசினான். "தள்ளினேன், ஃப்ரெசியா. தள்ளத்தான் செஞ்சேன். கணப்பு அங்க இருந்துச்சு."

இரும்புக் கணப்பு நான்கு குளிர்காலமாக அங்கேதான் இருக்கிறது. யாஸ்னாவுக்குச் சளி பிடிக்காமல் இருக்க நெல்டா வாங்கிப் போட்டது. கடைசியில் பழி அதன் தலையில் விழுந்தது.

பிறகு அவன் யாஸ்னாவைப் பற்றிச் சொன்னான். அழுதுகொண்டேதான் சொன்னான். குழந்தை பெரியம்மாவிடமே இருக்கட்டும், அவன் கேட்க மாட்டான். ஆனால் விஷயம் வேறு மாதிரிப் போனால் அவனால் இந்த ஊரில் இருக்க முடியாது. தெற்கே, பஸ்ஸில் ஒரு பகல் தூரத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

மிரட்டுகிற குரலே இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. அந்த நாட்டுச் சட்டத்தில் குழந்தை தகப்பனுக்குச் சொந்தம். பெரியம்மா, சித்தியெல்லாம் வாசலோடு சரி.

ஃப்ரெசியா காகிதத்தை மடித்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டாள். மஃப்ளர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது, நெல்டாவின் நசுங்கிய பாத்திரத்தையும் கொடியோடு பெட்டி மேல் வைக்கலாம், பார்க்க நன்றாயிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் ஒஸ்வால்தோ கொல்லைப்புறத்திலிருந்து வந்தான். ஃப்ரெசியாவின் கணவன் நல்லவன். கை நீட்டாதவன், குடிக்காதவன், நான்கு நாளாக வீட்டுக்கு அவன்தான் டீ போடுகிறான். இப்போதும் ஒரு கப்பை அவள் முன் வைத்தான்.

"படிச்சிரு கிழவி" என்றான். நாற்பதுகூட ஆகாத அவர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "முதல்ல இந்த ஆட்சி போகட்டும். அப்புறம் எல்லாத்தையும் பேசிக்கலாம்."

"நெல்டா பெண்கள் சங்கத்துல சேரணும்னப்பவும் முதல்ல ஆட்சி போகட்டும்னீங்க. அவ கண்ணு வீங்கி வந்தப்பவும் அதைத்தான் சொன்னீங்க. உங்க 'முதல்ல' எப்பய்யா தீரும், கிழவா?"

கண்ணு வீங்கிய அந்த நாளில் அதையே ஃப்ரெசியாவும் தங்கையிடம் சொல்லியிருந்தாள். ஒஸ்வால்தோவுக்கு அது ஞாபகம் இருந்தது. சொல்லிக்காட்டாமல் டீயை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினான்.

நெல்டா அன்று ஐஸ் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருந்தது. "அவங்க தெருவுல என்ன கேக்குறாங்க அக்கா? அடிக்காதே, கேள்வி கேட்டா உள்ள தள்ளாதே, எங்களையும் மனுஷனா நினைன்னுதானே? அதையேதான் நான் வீட்டுல கேக்குறேன். தெருவுல கேட்டா போராட்டம், அடுப்பங்கரையில கேட்டா வாயாடித்தனமா?" அடுத்த செவ்வாய்க்கிழமை அதையே ஒரு அட்டையில் எழுதிக் கூடத்தில் மாட்டினாள். 'தெருவில் கேட்பதையே வீட்டிலும் கேட்கிறோம்.' எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து.

பதினொரு மணிக்கு ஃப்ரெசியா பொதுச் சமையலுக்குப் போனாள். ஆலைகள் ஆட்களை நிறுத்திய பிறகு அறுபது குடும்பம் ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிற இடம் அது. சாவு விழுந்தாலும் பசி விழாது. பீன்ஸும் நூடுல்ஸும் கொதித்துக்கொண்டிருந்தன. உள்ளே வந்தவளைப் பார்த்ததும் பெண்கள் எல்லோருக்கும் திடீரென்று வெங்காயத்தில் வேலை வந்துவிட்டது. ஒருத்தியும் நிமிரவில்லை.

பெரிய துடுப்பைப் பிடித்திருந்த உபெர்லிண்டா அக்கா மட்டும் அவளைத் தனியாக ஒதுக்கினாள். அறுபது குடும்பத்துக்கு அள்ளிப் போடும் கை, யாருக்கும் பயப்படாத வாய்.

"எனக்குக் கேட்டுச்சு" என்றாள். "இது ராணுவத்துக்குத் தட்டுற தாளம் இல்லையேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. எல்லாரும் தட்டுறாங்களேன்னு நானும் தட்டினேன். இங்க இருக்கிற எல்லாருக்கும் கேட்டுச்சுடி."

ஃப்ரெசியா காகிதத்தை எடுத்துக் காட்டினாள். யாஸ்னா விஷயத்தையும் சொன்னாள். உபெர்லிண்டா ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். படிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்தாள். பிறகு, செத்தவளுக்கு உண்மை வேணும், உயிரோட இருக்கிறவளுக்கு நீ வேணும், எதைக் கொடுக்கிறதுன்னு நான் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். அங்கேயே நின்று கொஞ்சம் அழுதுவிட்டு வந்திருக்கலாம். ஃப்ரெசியாவுக்கு அழுகை வரவில்லை. நான்கு நாளாக வரவில்லை.

மூன்று மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் முந்நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். வாசலில் இரண்டு வண்டி நிறையக் காவலர்கள் நின்றார்கள். உள்ளே வரவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோண்டிய குழிக்குப் பக்கத்தில் பெட்டி. அதன் மேல் கொடி, சிவப்புப் பூக்கள், நடுவில் அந்த அலுமினியப் பாத்திரம், கரண்டியோடு. கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் வீட்டுப் பாத்திரத்தையும் கொண்டுவந்திருந்தார்கள். கட்சி அப்படிச் சொல்லியிருந்தது.

பாத்திரத்தின் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் எத்தனை வேகமாகத் தட்டியிருக்கிறாள் என்று உருகினார்கள். தட்டிக்கொண்டிருந்த கையிலிருந்து ருபேன் பிடுங்கி எறிந்தபோது சுவரில் பட்டு நசுங்கியது அது. நசுங்கின பிறகும் நெல்டா குனிந்து எடுத்து மறுபடி தட்டியிருக்கிறாள். இதை ருபேனே ஒஸ்வால்தோவிடம் சொல்லி அழுதிருந்தான்.

மஃப்ளர் கண்ணைக் காட்டினார். ஃப்ரெசியா முன்னால் வந்தாள். பக்கத்தில் ருபேன், அவன் கைக்குள் யாஸ்னாவின் கை. ரிப்பன் மறுபடியும் வழுக்கித் தோளில் கிடந்தது. இன்று இரவு இந்தத் தலைமுடியைப் பின்னப்போவது யார்? ஃப்ரெசியாவுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. காகிதத்தைப் பிரித்தாள்.

படித்தாள். கண்ணீர்ப்புகைக் குண்டு என்று படித்தாள். தெருவில் வீழ்ந்த என்று படித்தாள். குரல் உடையாமல், ஒரு வார்த்தை விடாமல், முழுசையும் படித்தாள். தங்கையை இரண்டாம் முறை கொன்றது போலிருந்தது. படித்து முடித்ததும் வழக்கப்படி உரக்கக் கூப்பிட்டாள்.

"தோழர் நெல்டா கார்காமோ!"

"இருக்கிறார்!" என்றது கூட்டம்.

போராட்டத்தில் செத்தவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை அது. பெயரைக் கூப்பிட்டால் எல்லோரும் அவர் சார்பில் பதில் சொல்வார்கள். மூன்று முறை கூப்பிட வேண்டும். இரண்டாவது முறையும் கூப்பிட்டாள். இருக்கிறார் என்றார்கள். மூன்றாவது முறைக்கு வாயைத் திறந்தபோது யாஸ்னா அப்பாவின் கையிலிருந்து கையை உருவிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் போனாள்.

பாத்திரத்தை எடுத்தாள். கரண்டியை எடுத்தாள். தட்ட ஆரம்பித்தாள்.

கூட்டத்துக்குச் சிலிர்த்தது. தாய்க்காக மகள் தட்டுகிறாள் என்று கண்களைத் துடைத்துக்கொண்டு, ஆளாளுக்குத் தங்கள் பாத்திரத்தை உயர்த்தி அந்தப் பழைய தாளத்தில் பதிலுக்குத் தட்டினார்கள். இரண்டு பேர், பத்து பேர், ஐம்பது பேர். குழந்தையின் சத்தம் அதற்குள் முங்கிப்போனது. வியாழக்கிழமை இரவு எப்படிப் போனதோ, அப்படியே.

"நிறுத்துங்க" என்றாள் உபெர்லிண்டா. தன் பாத்திரத்தைத் தரையில் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவளின் கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு தட்டுறதைக் கேளுங்க."

செவ்வாய்க்கிழமைப் பெண்கள் முதலில் நிறுத்தினார்கள். பிறகு மற்றவர்கள். கடைசியில் யாஸ்னாவின் பாத்திரம் மட்டும் மிஞ்சியது. கிடுகிடுவென்று ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. பிறகு மெதுவாக மூன்று தட்டு. அவ்வளவுதான்.

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஃப்ரெசியா சிரித்த அதே சத்தம். குழந்தை ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

யாஸ்னா பாத்திரத்தைக் கீழே இறக்கினாள். நான்கு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"அன்னைக்கு உங்களுக்குக் கேட்டுச்சா, பெரியம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு குழந்தைக்கு அந்தப் பொய் தேவைப்பட்டிருக்கும். ஃப்ரெசியாவிடம் இருந்த பொய்யெல்லாம் இப்போதுதான் காகிதத்தோடு தீர்ந்து போயிருந்தது.

"கேட்டுச்சுடி கண்ணு" என்றாள். "கேட்டும் நான் வரலை."

அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "என் தங்கச்சி மேல எந்தக் குண்டும் படலை. அவ தெருவுக்கே வரலை. அவ வீட்டுல, அவ புருஷன் கையால செத்தா. அவ உதவிக்குத்தான் தட்டினா. நாம எல்லாரும் பதிலுக்குத் தட்டினோம்."

மஃப்ளர் கண்ணை மூடிக்கொண்டார். ஒஸ்வால்தோ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். ருபேன் சுற்றிலும் பார்த்தான். ஆலைத் தோழர்கள் ஒவ்வொருவராகக் கீழே பார்க்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்ததும் அவன் முகம் சிறுத்துப் போனது. எட்டி யாஸ்னாவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வா. பாட்டி வீட்டுக்குப் போலாம்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தான். போக ஒரே வழிதான் இருந்தது, வாசல். பத்து வருஷமாகச் சீருடையைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிக்கொள்கிறவன், இருபது நாள் சுட்டும் வாய் திறக்காதவன், இன்று தானாகவே காவலர்களிடம் போய் நின்றான்.

"ஐயா, இது என் பொண்ணு. நான் இவளோட அப்பா. இவங்க என்னைப் போகவிட மாட்டேங்கிறாங்க."

இளம் அதிகாரி குழந்தையைப் பார்த்தான். அதன் ஒரு மணிக்கட்டு அப்பாவின் பிடியில் இருந்தது. இன்னொரு கையில் நசுங்கிய பாத்திரம். பாத்திரத்தின் மறுபக்கக் காதை ஓடிவந்து ஃப்ரெசியா பிடித்திருந்தாள், மூச்சு வாங்கியது.

"யாரு மறிக்கிறது?" என்று கேட்டபடி அதிகாரி அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தான்.

பின்னால் உபெர்லிண்டா நின்றாள். அவளுக்குப் பின்னால் வெங்காயம் நறுக்கியவர்கள், அவர்களுக்குப் பின்னால் பெயர் தெரியாதவர்கள், வாசல் முழுக்கப் பெண்கள். ஒருத்தியும் பேசவில்லை. இந்த முறை யாரும் பாத்திரம் தட்டவில்லை. ஏற்பாட்டின்படி, நான்கு நாள் தாமதமாக, எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள்.